நாலு மாடிக்கு ஒரு வினைச்சொல்

பீரோவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. இருபத்து நாலு வயதில், மூன்று கதவு இரும்பு பீரோ ஒன்றைத் தனி ஆளாக முதுகில் கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறியவர் அவர். உச்சியில் போய் நின்ற பிறகுதான் அது பக்கத்துக் கட்டடத்துக்குப் போகவேண்டிய சாமான் என்று தெரிந்தது. மனிதர் அப்படியே திரும்பி இறங்கினார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் பீரோ. வீட்டு வரிப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுதான்.

வீடு மாற்றிக் கொடுக்கிற வேலையில் அவருக்கு முப்பது வருஷம் ஆகிறது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் நிலைப்படியின் அகலத்தைக் கண்ணாலேயே அளப்பார். புதிதாக ஒருவரை அறிமுகப்படுத்தினால் பெயரை மறந்துவிடுவார், எடையை மறக்கமாட்டார். 'அந்த அறுபத்தெட்டுக் கிலோ வந்திருந்தார்' என்று சொன்னால், யார் என்று அவர் மனைவிக்குப் புரிந்துவிடும். மனைவியும் ஒரு வீடு மாற்றும்போது கிடைத்தவர்தான். எல்லா சாமானும் ஏற்றியாகிவிட்டது, ஒரு தையல் மெஷின் மட்டும் பாக்கி. அதை விட்டுக் கையை எடுக்காமல் ஒரு பெண் நின்றாள். "கீழ போட்டீங்கன்னா தெரியும்," என்றாள். அவர் போடவில்லை. அந்த மெஷினின் மறுமுனையைப் பிடித்திருந்த அவள் தம்பி, பிற்பாடு மச்சினன் ஆகி, இன்றுவரை எல்லாச் சுமைக்கும் மறுமுனையையே பிடித்துக்கொண்டிருக்கிறான். முழங்கால் வலிக்கிறது என்று தினமும் சொல்வான். தினமும் வருவான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் வேலை செய்த பரிசோதனைக் கூடத்துக்கு மெஷின் பழுதுபார்க்க வந்த ஸ்பானிஷ்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் தங்கமான பிள்ளை. எழுபத்திரண்டு கிலோ. நம் பாஷையைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டவன் என்பதால் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுவான். "மாமா, தாங்கள் உணவருந்திவிட்டீர்களா?" என்று அவன் கேட்டால், பீரோ தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.

சிக்கல் பையனிடம் இல்லை. அவன் அம்மா அவன் ஊரில் தனியாக இருந்தார். கணவர் போய் ஏழு வருஷம். பிள்ளையும் மருமகளும் அங்கே வந்து தன்னோடு இருக்கவேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. ஒரு அறையை வெள்ளையடித்தே வைத்துவிட்டாராம். மகளைக் கேட்டால், "அவங்க எங்க இருன்னு மனசார சொல்றாங்களோ அங்க இருப்போம்ப்பா. வேலை எங்களுக்கு ரெண்டு ஊர்லயும் கெடைக்கும்," என்று சொல்லிவிட்டாள்.

பீரோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் எத்தனை வீட்டைக் காலி செய்து கொடுத்திருப்பார்! தன் வீட்டிலிருந்து ஒரே ஒரு ஆள் காலி செய்கிறாள் என்பதைத்தான் அவரால் தூக்க முடியவில்லை. ஆனால் அவர் அழுது புலம்புகிற ரகம் இல்லை. எந்தக் கனத்தையும் எந்தப் பக்கம் பிடித்தால் தூக்கலாம் என்று யோசிக்கிற ரகம். அந்த அம்மாவிடம் அவர் பாஷையிலேயே நாலு வார்த்தை நயமாகப் பேசி, மனசைக் கரைத்து, பிள்ளைகளை இங்கேயே விட்டுவைக்கச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார்.

"மாமா, எங்கள் மொழியின் வினைச்சொற்கள் அனைத்தையும் கற்க ஆறு ஆண்டுகள் ஆகும்," என்றான் மாப்பிள்ளை.

"உங்க அம்மாகிட்ட பேசறதுக்கு ஆறு வாரம்தான் இருக்கு மாப்ள."

பையன் கொஞ்சம் யோசித்தான். "அப்படியானால் ஒரே ஒரு சொல் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலுக்கென்றே பிறந்த சொல். யேவார்."

யேவார் என்றால் சுமந்து செல்வது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் யேவோ. இது பீரோவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பையன் நிறுத்தவில்லை. சட்டை போட்டிருப்பதற்கும் இதே சொல்தானாம், உடம்பு சட்டையைச் சுமக்கிறதாம். டீயில் சர்க்கரை இருந்தால் டீ சர்க்கரையைச் சுமக்கிறது. ஒரு தெரு ஸ்டேஷனுக்குப் போனால், அந்தத் தெரு நம்மை ஸ்டேஷனுக்குச் சுமக்கிறது. ஒரு வேலையில் முப்பது வருஷமாக இருந்தால் அந்த முப்பது வருஷத்தையும் சுமக்கிறோம். இரண்டு பேர் ஒத்துப்போனால் ஒருவரையொருவர் நன்றாகச் சுமக்கிறார்கள்.

"தெருகூட சுமக்குதா?" என்றார் பீரோ. "அப்ப உங்க ஊர்ல எல்லாரும் நம்ம ஆளுங்கதான்."

கற்கிற முறையில்தான் கோளாறு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து படித்தால் அவருக்குக் கொட்டாவி வரும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. ஆகவே வேலையோடு வேலையாகக் கற்க ஆரம்பித்தார். மனைவிக்கு மூலைக்கடையில் ஜெராக்ஸ் வியாபாரம். அவர் பெரிய எழுத்தில் வாக்கியங்களை அச்சடித்துத் தர, பீரோ அவற்றைச் சுமையின் மேல் ஒட்டிக்கொள்வார். மாடிக்கு ஒரு வாக்கியம். முதல் மாடி ஏறும்போது 'யேவோ லா காஹா', பெட்டியைச் சுமக்கிறேன். இரண்டாம் மாடிக்கு 'யேவோ கமீசா அசூல்', நீலச் சட்டை போட்டிருக்கிறேன். மூன்றாம் மாடிக்கு 'யேவோ த்ரெயின்தா ஆன்யோஸ் என் எஸ்தோ', முப்பது வருஷமாக இதில் இருக்கிறேன். நாலாம் மாடிக்கு 'நோஸ் யேவாமோஸ் பியென்', நாம் நல்லா ஒத்துப்போகிறோம்.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அதைத் திருட்டுத்தனமாக வாங்கினார். "மாப்ள, நாங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள பார்ட்டி பெட்டிய எடுத்துட்டு போகப் பாப்பாங்க. 'தயவுசெஞ்சு கொண்டு போயிடாதீங்க'ன்னு எப்படி சொல்றது?" என்று கேட்டார். வெள்ளந்தியான பையன் எழுதிக் கொடுத்தான்: 'நோ செ லா யேவே, போர் ஃபவோர்.' பெட்டியும் அந்தப் பாஷையில் பெண்பால்தானாம், ஆகவே மகளுக்கும் பொருந்தும் என்பதைச் சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இதை மட்டும் தன் கட்டடத்தின் நாலாம் மாடியில் இருக்கும் தன் வீட்டைத் தாண்டி, மொட்டை மாடிக்கு ஏறும் படிகளில், ஈரத்துணி வாளியோடு யாருக்கும் கேட்காமல் சொல்லிப் பழகினார்.

சுமை தூக்குவதில் ஒரு சட்டம் உண்டு. படியில் மேல்முனையைப் பிடிப்பவன் பின்னோக்கி நடப்பான், அவன் வாயைத் திறக்கக் கூடாது. கனம் முழுக்கக் கீழ்முனைக்காரன் மேல்தான் விழும், ஆகவே அவன் சொன்னால்தான் நகரவேண்டும், அவன் சொன்னால்தான் நிற்கவேண்டும். பீரோ எப்போதும் கீழ்முனை. ஆறு வாரமும் மச்சினன் எதிரில் பின்னோக்கி ஏறிக்கொண்டே, வாயைத் திறக்க வழியில்லாமல், மாமா நீலச் சட்டை போட்டிருப்பதைப் பற்றி ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்டான். ஒரு நாள் தூக்கத்தில் அவன், "யேவோ லா காஹா," என்று முனகியதைக் கேட்டு அவன் பெண்டாட்டி இரண்டு நாள் பேசவில்லை.

முதல் வீடியோ கால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. பீரோ தேய்த்த சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் சம்பந்தியம்மா. குட்டை முடி, கூர்மையான பார்வை. லிஃப்ட் கம்பெனி அலுவலகத்தில் முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவர். படிக்கட்டு என்பது தீப்பிடித்தால் மட்டும் இறங்குவதற்கு உள்ள ஏற்பாடு என்பது அவர் கொள்கை. அவர் ஏதோ கேட்டார். பீரோ தலையாட்டினார். மறுபடி ஏதோ கேட்டார். மறுபடி தலையாட்டினார்.

"என்னங்க, பேசுங்க," என்று மனைவி இடித்தார்.

"வரல."

"ஆறு வாரமா கத்திக்கிட்டு இருந்தீங்களே?"

"கை காலியா இருக்குடி," என்றார் பீரோ. அதைச் சொல்லும்போதுதான் அவருக்கே விளங்கியது. கனம் ஏறினால்தான் வாய் திறக்கிறது.

மனைவி யோசிக்கிற பெண் இல்லை, செய்கிற பெண். சமையலறைக்குப் போய் நிறைந்த கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். பீரோ அதைத் தோளில் ஏற்றினார். உடனே மடை திறந்த மாதிரி, "யேவோ லா காஹா," என்று வந்தது. தூக்கியிருப்பது பெட்டி இல்லையே என்று அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள். இரண்டாவது வாக்கியம் வரவில்லை. அது இரண்டாம் மாடி வாக்கியம். வாசல் கதவைத் திறந்துகொண்டு சிலிண்டரோடு கீழே ஓடினார், தரையிலிருந்து ஏறி வருவதற்கு. போனை நீட்டிப் பிடித்தபடி மனைவி பின்னாலேயே ஓடினார். ஒன்றாம் மாடி வளைவில் சிக்னல் போய்விட்டது.

அந்தப் பக்கம் சம்பந்தியம்மா பார்த்தது இவ்வளவுதான்: நல்ல சட்டை போட்ட ஒரு மனிதர் தன்னிடம் பதினைந்து தடவை தலையாட்டிவிட்டு, கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடிவிட்டார். மகனைக் கூப்பிட்டு, அங்கே தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும், இந்தக் குடும்பத்தை நேரில் பார்க்காமல் தான் எந்த முடிவும் சொல்வதாக இல்லை என்று டிக்கெட் போட்டுவிட்டார்.

வந்து இறங்கிய அன்று பீரோவும் மச்சினனும் வாசலிலேயே காத்திருந்தார்கள். கார் நின்றது. மாப்பிள்ளை கதவைத் திறந்தான். சம்பந்தியம்மா இறங்கியதும் பீரோ ஒரே பார்வையில் கணக்குப் போட்டார். எழுபத்து நாலு கிலோ, கனம் சரியாக நடுவில், பிடிப்பதற்கு நல்ல அமைப்பு. மரியாதையாகத்தான் நினைத்தார். அந்த அம்மா கட்டடத்தை அண்ணாந்து பார்த்து மகனிடம் கேட்ட முதல் கேள்வி லிஃப்ட் எங்கே என்பது. இல்லை என்று அவன் சொன்னதும், அவர் தன் முப்பத்தஞ்சு வருஷ உத்தியோகத்தையே யாரோ அவமானப்படுத்திய மாதிரி பார்த்தார். பிறகு பிள்ளையின் கையைத் தட்டிவிட்டு, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினார்.

இரண்டாம் மாடியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை பெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவர மேலே ஓடினான். பீரோ இரண்டாம் மாடி வீட்டுக் கதவைத் தட்டி, கைவைத்த மர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கினார். சைகையால் விளக்கினார். சம்பந்தியம்மா முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு மேலே இருந்த படிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பீரோ சாமான் கட்டும் பட்டையை அவர் இடுப்பையும் நாற்காலியையும் சுற்றி மாட்டி இறுக்கியதும், சம்பந்தியம்மா நாற்காலியின் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மச்சினன் மேல்முனையைப் பிடித்து, ஏறத் தயாராக நின்றான்.

"ஏறாத. மொதல்ல கீழ எறக்கணும்," என்றார் பீரோ.

"எதுக்கு மாமா? வீடு மேல இருக்கு."

"ரெண்டாவது மாடியிலேருந்து ஆரம்பிச்சா எனக்கு வராதுடா. மொதல் வாக்கியத்துலேருந்துதான் வரும்."

மச்சினன் அவரைப் பார்த்தான். அந்த அம்மாவைப் பார்த்தான். "ரெண்டு மாடி கஷ்டப்பட்டு ஏறி வந்தவங்கள மறுபடி தரையில கொண்டு விடவா? எம் முழங்கால் எல்லாம் ஒரு முழங்காலா தெரியலையா உங்களுக்கு?"

"எம் பொண்ணு விஷயம்டா."

மச்சினன் பிடியை மாற்றிக்கொண்டான். இறக்கினார்கள். தன்னைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்து சம்பந்தியம்மா உரக்க ஏதோ சொன்னார். தண்ணீரோடு இறங்கி வந்த மாப்பிள்ளை, இரண்டாம் மாடியில் அம்மாவைக் காணாமல், எந்த வீட்டுக்குள் போய்விட்டார் என்று ஒவ்வொரு வீடாக உள்ளே போய்த் தேடிக்கொண்டிருந்தான்.

தரையைத் தொட்டதும் பீரோ மூச்சை இழுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். கனம் தோளுக்கு வந்தது. வாய் திறந்தது. "யேவோ லா காஹா," என்றார்.

தன்னைப் பெட்டி என்கிறாரே என்று சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார். இரண்டாம் மாடியில் பீரோ, "யேவோ கமீசா அசூல்," என்றார். அன்று அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. சம்பந்தியம்மா அந்தச் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு சிரித்தார். நாற்காலி குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார். மச்சினன் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு, அவர் பின்னந்தலையைப் பார்த்துக் கண்ணாலேயே 'ஆடாம உக்காருங்கம்மா' என்று கெஞ்சினான்.

மூன்றாம் மாடியில், "யேவோ த்ரெயின்தா ஆன்யோஸ் என் எஸ்தோ," என்றார். முப்பது வருஷமாக இதில் இருக்கிறேன். சம்பந்தியம்மா சிரிப்பை நிறுத்தினார். கீழே பட்டையை இழுத்துப் பிடித்திருந்த அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாலாம் மாடி. "நோஸ் யேவாமோஸ் பியென்," என்றார் பீரோ. நாம் நல்லா ஒத்துப்போகிறோம். அதற்கு அந்த அம்மா, "ஸீ," என்றார், அழுத்தமாக. அப்படியென்றால் ஆமாம்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மகளும் மனைவியும் வாசலில் நின்றார்கள். மச்சினன் நாற்காலியைத் திருப்பப் போனான். பீரோ திரும்பவில்லை. நேரே ஏறினார்.

மச்சினன் இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சட்டத்தை மீறினான். "மாமா, வீடு தாண்டிடுச்சு."

"தெரியும். ஏறு."

"மேல மொட்டை மாடி மாமா. அங்க துணிதான் காயுது."

"ஏறுடா."

இன்னும் பதினெட்டுப் படி. மேலே போனால் ஐந்தாவது வாக்கியம். 'தயவுசெஞ்சு அவளைக் கொண்டு போயிடாதீங்க.' அது தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது. ஆறாவது படியில், ஏழாவது படியில், அவர் வேகம் குறைந்தது. இது கனத்தால் இல்லை.

சம்பந்தியம்மா அப்போது பேசினார். மூன்றாம் மாடியிலிருந்தே அதை வைத்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். பீரோவுக்குப் புரியவேண்டும் என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"யோ யேவோ சியெத்தே ஆன்யோஸ் சோலா."

நானும் சுமக்கிறேன், ஏழு வருஷம். அதுவரை பீரோவுக்குப் புரிந்துவிட்டது. யாரும் சொல்லித் தராமல், சுமைமேல் ஒட்டிக்கொள்ளாமல், அந்தப் பாஷையில் அவருக்குத் தானாகப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான். 'சோலா' மட்டும் அவர் படிக்காத சொல். ஆனால் வெள்ளையடித்து வைத்த அறையைப் பற்றி மகள் சொல்லியிருந்தாள். அந்த அம்மாவின் முகம் நேர் எதிரில் இருந்தது. தனியாக என்று யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நில்லு," என்றார்.

மச்சினன் நின்றான். எழுபத்து நாலு கிலோவைத் தாங்கிக்கொண்டு பீரோ அந்தப் படியிலேயே நின்றார். வாக்கியம் வாயில் இருந்தது. சொல்லியிருக்கலாம். இவருக்கு வீட்டில் மனைவி இருக்கிறார், மச்சினன் இருக்கிறான், காலையில் திட்டுவதற்கும் சாயங்காலம் சமாதானம் ஆவதற்கும் ஆள் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒரு அறைதான் இருக்கிறது. இதை நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே கோபமாக வந்தது.

"எறங்கு," என்றார்.

கூடத்தில் நாற்காலியை இறக்கிப் பட்டையை அவிழ்த்தார்கள். மச்சினன் அப்படியே தரையில் படுத்துவிட்டான். மாப்பிள்ளை எங்கிருந்தோ தண்ணீர் டம்ளரோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்து, "அம்மா, தாங்கள் எங்கு சென்றிருந்தீர்கள்?" என்று பதற்றத்தில் பாஷை மாற்றிக் கேட்டான்.

"எதுக்குப்பா அவங்கள மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனீங்க?" என்றாள் மகள்.

பீரோ மறைக்கவில்லை. "உன்ன இங்கேயே விட்டுட்டு போகச் சொல்லலாம்னு. அதுக்கு ஒரு வாக்கியம் கத்து வெச்சிருந்தேன். சொல்லல." முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்தது வியர்வையை மட்டும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்தது. "நீ அவங்ககிட்ட சொல்லும்மா. அவங்களே கூட்டிட்டுப் போகட்டும்னு சொல்லு. தனியா இருக்காங்க."

மகள் அப்பாவின் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டாள். பிறகு, "நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்," என்றாள். "ஒரே வார்த்தைதான்ப்பா. யேவேசெலா."

"யே... வே..." கை காலியாக இருந்தது. வரவில்லை. பீரோ சுற்றுமுற்றும் பார்த்தார். சிலிண்டரை எடுத்துவரலாமா என்று மனைவி ஒரு அடி எடுத்து வைத்தார்.

பீரோ குனிந்து மகளைத் தூக்கிவிட்டார். இருபத்தாறு வயதுப் பெண், காலை உதறி, "அப்பா, விடுங்கப்பா," என்று கத்தினாள். ஐம்பத்தொரு கிலோ. கடைசியாகத் தூக்கியபோது இருபத்திரண்டு கிலோதான். அவளைக் கையில் ஏந்திக்கொண்டு சம்பந்தியம்மாவுக்கு முன்னால் போய் நின்று, அவரைப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்.

"யேவேசெலா."

சம்பந்தியம்மா எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டி, பெண்ணின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார், அதுதான் எட்டியது. என்னென்னவோ சொன்னார். மாப்பிள்ளை மொழிபெயர்க்க வாயைத் திறந்து, அவனும் அழுதுவிட்டதால், யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

தரையில் படுத்திருந்த மச்சினன்தான் தலையைத் தூக்கிப் பார்த்தான். "மாமா, சொல்லியாச்சில்ல. எறக்கி விடுங்க."

"இருடா," என்றார் பீரோ. "கொஞ்ச நேரம்."